கடைசிப் பெட்டிக்குப் பின்னால்

வண்டி நின்ற பிறகு இன்னொரு சத்தம் வந்தது.

அவள் வழக்கம்போல ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் சோப்பு ஃபேக்டரி, அதற்குள்ளேயே போகிற ஒரு ரயில் பாதை. எண்ணெய் ஏற்றிய சரக்குப் பெட்டிகளை இன்ஜின் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நிற்கும்போது, இன்ஜினை ஒட்டிய பெட்டி முதலில் இடிபடும், அடுத்தது அதற்கப்புறம், இப்படியே ‘டங், டங், டங்’ என்று சத்தம் வரிசையாக ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் அடங்கிவிடும். இன்றைக்கும் அடங்கியது. அவள் ஜன்னலைவிட்டு நகரப் போனாள். அப்போதுதான், யாரோ யோசித்துச் செய்ததுபோல நிதானமாக, கடைசிப் பெட்டிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘டங்’.

அந்தப் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. கொஞ்ச தூரத்துக்குத் துருப்பிடித்த தண்டவாளம், முழங்கால் உயரத்துக்குப் புல், தண்டவாளம் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு பெரிய கட்டை, அதற்குப் பின்னால் மதில். அவ்வளவுதான்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இந்தச் சத்தம் அவள் உயிரை வாங்கியது. அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுக்கும். காய்ந்த துணியில் டீசல் நாற்றமும் சோப்புக்குக் காய்ச்சுகிற கொழுப்பு நாற்றமும் ஏறிக்கிடக்கும். வேற வீடே கிடைக்கலையா உங்களுக்கு என்று புருஷனோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். அப்புறம் ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தாள், போச்சு, மாட்டிக்கொண்டாள். உள்ளே காலிப் பெட்டிகள் நிற்கும், வெளியே நிறைந்த பெட்டிகள் காத்திருக்கும், போக வர ஒரே பாதை. எதை முதலில் இழுப்பது, எதை எங்கே ஒதுக்கிவைத்துவிட்டு எதை உள்ளே தள்ளுவது என்று அவளும் மனசுக்குள் போட்டுப் பார்ப்பாள். தான் நினைத்தபடியே நடந்துவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டுவாள்.

அதிலும் இதையெல்லாம் நடத்துகிறவன் அவள் புருஷன். பெட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. வீட்டில் கண் எதிரே தொங்குகிற துண்டைத் தேடி ஊரைக் கூட்டுகிற மனுஷன், அங்கே கையை அசைத்தால் அத்தனை பெரிய இன்ஜினும் சொன்ன பேச்சு கேட்கும். அவளுக்குப் பெருமை பிடிபடாது. பயமும் உண்டு. அவன் தலை பெட்டிகளுக்கு நடுவே மறைந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வெளியே தெரிந்த பிறகுதான் விடுவாள்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். “இன்னிக்கு கடைசில ஒரு சத்தம் கூடுதலா வந்துச்சுங்க.”

“அண்ணிக்கு டிவியே வேணாம், சரக்கு வண்டி போதும்,” என்று நாத்தனார் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. பிசைந்த கை தட்டிலேயே நின்றது.

“உனக்கும் கேட்டுச்சா?”

“என்ன அது?”

“ஒண்ணுமில்ல. காத்துக்கு ஏதாவது தகரம் ஆடியிருக்கும். சாப்பிடு.”

காற்றே இல்லாத சாயங்காலம் அது. அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் வெயில் தாழ்ந்து, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், கைப்பிடிச் சுவரோரம் நின்றுவிட்டாள். எண்ணெயை இறக்கிவிட்டுப் பெட்டிகள் அங்கேயே நின்றன, இன்ஜின் வந்து இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த தண்டவாளத்தில் துரு இல்லை. தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி பளபளத்தது. சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்தால்தான் தண்டவாளத்துக்கு அந்தப் பளபளப்பு வரும், அங்கே எந்தச் சக்கரமும் போனதில்லை. புல்லும் படுத்துக்கிடந்தது. ஒரு பெட்டி நீளத்துக்கு மட்டும். அதைத் தாண்டி நின்ற புல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது, படுத்த புல் ஆடவே இல்லை.

மதில் ஓட்டை வழியாக ஒரு தெருநாய் உள்ளே நுழைந்து தண்டவாளத்தோடு ஓடிவந்தது. படுத்த புல்லுக்கு அருகில் வந்ததும் சடாரென்று நின்றது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, வெறும் இடத்தை ஒட்டியே, சுவரைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு போனது.



கீழே இன்ஜின் வந்துவிட்டது. தெருப்பக்கம் இருந்த முதல் பெட்டியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அவள் அவனுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடைசியில் அவன் செய்யப்போகிற வேலை அவளுக்கு ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் கடைசிப் பெட்டியின் பின்பக்கம் சிவப்பு விளக்கை மாட்டவேண்டும். தண்டவாளத்தில் இறங்கி நின்றுதான் மாட்டவேண்டும். அதுதான் இருக்கிறதிலேயே பயமில்லாத வேலை என்பான். பின்னாடிதான் ஒண்ணுமே இல்லையே.

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

“அண்ணி, அடுப்புல பால்!”

“நீ பாத்துக்க!”

படிக்கட்டு. தெரு. ஃபேக்டரியின் பக்கவாட்டு வேலி. சங்கு ஊதி முடிந்து, இருட்டுவதற்குச் சற்று முன்னால் வருகிற சாம்பல் வெளிச்சம். கம்பிவேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தாள். அவன் விளக்கை மாட்டி முடித்திருந்தான். வெளியே சாய்ந்து டிரைவருக்குக் கையை அசைத்தான். இன்ஜின் குட்டியாய் ஒரு ஊதல் ஊதியது.

“என்னங்க! அங்க நிக்காதீங்க! வெளிய வாங்க!”

அவன் திடுக்கிட்டுத் திரும்பி, அவளைக் கண்டதும் சிரித்தான். “நீ எங்க இங்க வந்தே? இரு, சட்டை மாட்டிக்கிச்சு.”

விளக்குக் கொக்கியில் சட்டை நுனி. அவன் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. அசடு வழிந்தபடி அதன் பின்னாலேயே நடந்தான். மெதுவாகத்தான் போனது. நடந்தே போகலாம்.

அவன் மிதித்துப்போன புல் எழவில்லை.

அவனுக்குப் பின்னால், ஒரு பெட்டி நீளம் தள்ளி, அங்கேதான் புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. வண்டி நகர நகர, நிமிர்கிற இடமும் நகர்ந்தது. கூடவே வந்தது.

“சட்டையைக் கிழிச்சிடுங்க! கிழிச்சிட்டு வாங்க!”

அவள் குரலில் இருந்த ஏதோ அவனுக்கு உறைத்தது. சிரிப்பு போனது. பல்லைக் கடித்து இழுத்தான். புதுச் சட்டை. கிழியவில்லை.

வண்டியை நிறுத்தவேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால், தூக்குவது யாராக இருந்தாலும் டிரைவர் நிறுத்தியே ஆகவேண்டும். தூக்கினாள். முன்னால் இன்ஜினிலிருந்து டிரைவரின் தலை வெளியே நீண்டு அவளைப் பார்த்தது. பிரேக் கிரீச்சிட்டது.

நின்றது.

நின்றது என்று அவள் மூச்சுவிட்ட அந்த ஒரு நொடியில்தான், தினமும் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அது உறைத்தது. இன்ஜின் நின்றால் எல்லாம் நின்றுவிடாது. பின்னால் வருவது முன்னால் இருப்பதில் இடித்துத்தான் நிற்கும்.

டங். டங். டங். வரிசையாக வந்தது. கடைசிப் பெட்டி வரை வந்தது.

அப்புறம் சத்தமே இல்லை.

அவன் விழவில்லை. பெட்டியில் சாய்ந்து நிமிர்ந்தே நின்றிருந்தான். முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று, அதற்கப்பால் புல், மதில். ஆனால் அவன் வயிறு இருக்கவேண்டிய இடம் ஒரு கை அகலம்கூட இல்லை. ரத்தம் இல்லை. தலையை மட்டும் மெல்ல அவள் பக்கம் திருப்பினான். முகத்தில் ஒரு ஆச்சரியம், அவ்வளவுதான்.

“வலிக்கலை,” என்றான். “வலிக்கவே இல்ல, பாரேன்.”

அவனிடம் ஓட நினைத்து அவள் கையை இறக்கப் போனாள்.

“வண்டியை மட்டும் அசைய விட்டுடாதே. கையை இறக்காதே. என்னம்மா, இறக்காதே.”

இறக்கவில்லை. தோள்கள் கடுத்தன. இறக்கவில்லை. டிரைவர் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வரட்டும். யாராவது வந்துவிடட்டும். அதுவரை இப்படியே நிற்பேன், விடிய விடிய நிற்பேன், இவரை விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

அப்போது அவனுடைய வலது கை எழுந்தது.

பெட்டிக்கு வெளியே, டிரைவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, நேராக நீண்டது. யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல மணிக்கட்டில் சதை உள்வாங்கி, விரல் விரலாகப் பள்ளம் விழுந்திருந்தது. மேலே. கீழே. மேலே. கீழே. போகலாம், போகலாம் என்று நிதானமாக அசைந்தது.

“நான் இல்ல,” என்றான் அவன், தன் கையையே பார்த்தபடி. “இது நான் இல்ல.”

முன்னால் டிரைவர் அவளைப் பார்த்தார், அவனுடைய கையைப் பார்த்தார். பல வருஷமாக அவர் நம்பி வண்டியை எடுத்த கை. இன்ஜின் குட்டியாய் ஒரு ஊதல் ஊதியது.