ஏழாம் கொக்கியில் ஒரு சாவி

அழுத்தமானியின் முள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தருலதாவுக்கு அப்படித்தான் தோன்றியது. மெல்ல ஒரு நூல் ஏறும், நிற்கும், மெல்ல ஒரு நூல் இறங்கும். எங்காவது மயிரிழை ஓட்டை வழியே வெளிக்காற்று கசிந்தால் முள் ஏறும், ஏறிக்கொண்டேதான் போகும். உள்ளே இழுத்த காற்றைத் திரும்ப வெளியே விடுகிற ஓட்டையை அவள் பார்த்ததே இல்லை.

வெளியே காந்திநகர் சாலையில் மே மாத லூ அனல்காற்று வேப்பமரங்களை வறுத்துக்கொண்டிருக்க, சன்னலே இல்லாத அந்தக் கட்டுப்பாட்டு அறைக்குள் ஏசியின் உறுமலும், யாரோ காக்ரா கடிக்கும் மொறுமொறுப்பும், சூடேறிய ஒயர்களின் வாடையும் நிறைந்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம், உளுந்து வடையை ஆள் உயரத்துக்கு எஃகில் வார்த்ததுபோல அந்த வளையம். அதற்குள் சூரியனின் நெருப்பில் ஒரு துளியைக் காந்தத்தாலேயே கட்டிவைத்து, என்றைக்காவது நாட்டுக்கே மின்சாரம் எடுத்துவிடலாம் என்றுதான் இத்தனை பேர் இங்கே தலை நரைத்தார்கள். மூன்று வாரம் காற்றையெல்லாம் உறிஞ்சி, சுவரைச் சுட வைத்து ஈரம் போக்கியாகிவிட்டது. இன்றுதான் முதல் சுடர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெல்லியிலிருந்து வந்தவர்கள்.

"தருபென், அந்த முள்ளை அப்படி முறைக்காதீங்க. பாவம், கூச்சப்படுது," என்றார் ஜஸ்வந்த்பாய், ஷிப்டுக்குத் தலைவர்.

"உள்ள ஈரம் ஏறுது பாய். கரியமில வாயுவும். சேர்ந்தே ஏறுது, சேர்ந்தே இறங்குது."

"வேகவச்ச சுவர், வேர்க்குது. இப்ப நிறுத்தித் திறந்தா மறுபடி மூணு வாரம். அதுவரைக்கும் டெல்லிக்காரங்களுக்கு நீங்களே டோக்ளா ஊட்டி உக்கார வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து எங்கிருந்து வரும்? மனித வாயிலிருந்து வரும்.

வளையத்துக்குள் போகிறவர் இந்த அறையின் சாவிப் பலகையிலிருந்து எண் பொறித்த தன் சாவியை எடுத்துப்போய் வளையத்தின் வாசலில் தொங்கவிட வேண்டும். வெளியே வந்ததும் பலகையில் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் இயந்திரம் உயிர் பெறாது. மூடுவதற்கு முன் உள்ளே கடைசியாகத் துடைத்த அன்று அவளும் டெக்னீஷியன் பினாகினும்தான். மதியச் சாப்பாடு முடிந்து அவள் வந்தபோது வளையத்தின் வாசலில் ஒரு சாவி தொங்கியது. ஆள் உள்ளே இருக்கிறார் என்று தவழ்ந்து போனாள். வளைவுக்கு அந்தப் பக்கம் தேய்க்கும் சத்தம்.

"பினாகின்பாய், துணி வேணுமா?"

"ம்."

வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று வளைவிலிருந்து நீண்டு வாங்கிக்கொண்டது.

சாயங்காலம் வெளியே வந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. சாவி மட்டும் தொங்கியது. பினாகின் மறதிக்காரர், மச்சினி கல்யாணத்துக்குக் கட்ச் போகிற அவசரம். தெரிந்தால் லீவில் கை வைப்பார்கள், பாவம் என்று அவளே அதை ஏழாம் கொக்கியில், அவர் இடத்தில், மாட்டிவிட்டாள். முழங்கால் வலி. வளைவைச் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் போன் எடுக்கவில்லை. லீவு நேற்றே முடிந்துவிட்டது.

காற்றே இல்லாத இடத்தில் யாரும் மூச்சு விட முடியாது. அவளுக்குத் தெரியும். முள்ளுக்குத் தெரியவில்லை. ஏறியது. இறங்கியது.

ஒலிபெருக்கி எண்ண ஆரம்பித்தது. அவள் விரல் எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினால் மூன்று வார உழைப்பு போகும். அழுத்தாவிட்டால், உள்ளே சிக்கிய அந்த மனிதர் மேலேயே நெருப்பை மூட்டுவாள்.

கதவு திறந்தது.

"தருபென்! கல்யாண ஸ்வீட், மோகன்தால்!" கையில் டப்பாவோடு, மீசை முழுக்கச் சிரிப்பாக, பினாகின்.

விரல் பொத்தானை விட்டு நழுவியது. எழுந்து ஓடி அவர் தோளில் நாலு அடி அடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"பாவி மனுஷா, போன் என்னாச்சு?"

"தண்ணித் தொட்டில விழுந்துடுச்சு பென். அழுவாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தப்பு பண்ணிட்டேன். ஜஸ்வந்த்பாய்கிட்ட சொல்லிடாதீங்க. அன்னிக்கு ரயிலுக்கு மதியமே கிளம்பிட்டேனா, அவசரத்துல..."

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சாவி. ஏழு என்று பொறித்த அவருடைய சாவி.

"மதியமேயா?"

"நீங்க சாப்பிடப் போனப்பவே."

தருலதா பலகையைப் பார்த்தாள். ஏழாம் கொக்கி காலியாக இல்லை. கிட்டே போனாள். அங்கே தொங்கிய சாவியில் எண் இல்லை. தொட்டாள்.

சுட்டது.

ஐந்து, என்றது ஒலிபெருக்கி. பொத்தான் அறையின் அந்தக் கோடியில். நாற்காலிகளுக்கு நடுவே ஓடினாள். நான்கு. முள் ஏறியது. மூன்று. நின்றது.

இறங்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டதுபோல.

இரண்டு. ஒன்று.

திரையில் ஊதா ஒளி வளையமெங்கும் நிறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டல். வளைவிலிருந்து வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று நெருப்புக்குள் நீண்டது. அன்று அவள் கொடுத்த துணியை நாலாக மடித்து நீட்டிக்கொண்டிருந்தது. அவள் வாங்கிக்கொள்ளட்டும் என்று.