சிறப்புரைக்குப் பின்பாட்டு

குமரி மாவட்டத்தின் இசை வரலாறு வருகிற வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி, நாலரை மணிக்கு முடிவடையும். பெற்றோர் அனைவரும் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டும். குடிதண்ணீர் அவரவரே கொண்டு வர வேண்டும்.

இந்த மகத்தான அறிவிப்பு, மண்டைக்காட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டாகத் தொங்கியது. போர்டில் சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியர் கணபதியப்பன், பெற்றோர் சங்கத் தலைவர் முத்துநாயகம் ஆகிய மூவரும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழ் மூலையில், முத்துநாயகத்தின் முழங்கைக்கு அடியில், ஒரு செண்டை மேளம் பாதி தெரிந்தது.

நிகழ்ச்சி நிரலில் சிங்காரி மேளத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். பேண்டு வாத்தியத்துக்கும் ஐந்து. வில்லுப்பாட்டுக்குப் பத்து. சிறப்புரைக்கு எவ்வளவு நேரம் என்று போடவில்லை. அதைப் போடும் தைரியம் யாருக்கும் இல்லை.

ஆறாம் வகுப்பு ஆதிரா வில்லுப்பாட்டில் இருந்தாள். நடுவில் உட்கார்ந்து, இரண்டு கோல்களால் வில்லை அடித்துப் பாடும் புலவர் அவள் அல்ல. புலவர், விபின். விபின் முத்துநாயகத்தின் மகன். வில்லையும் அதில் தொங்கும் மணிகளையும் முத்துநாயகம் தம் செலவில் வாங்கிக் கொடுத்திருந்தார். வில் யாருடையதோ பாட்டும் அவருடையது என்று கணபதியப்பன் சார் முடிவு செய்துவிட்டார்.

ஆதிராவுக்குக் கிடைத்தது பின்பாட்டு. புலவர் ஒரு வரி பாடினால், அதன் கடைசிச் சொல்லைப் பிடித்து “ஆமா” போட வேண்டும்.

“எளுப்பமான வேலை. தூங்கிட்டே ஆமா போடலாம்,” என்றான் விபின்.

“தூங்குனா ஆமா வராது. குறட்டைதான் வரும்,” என்றாள் ஆதிரா.

ஆமா போடுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. அவளுடைய அக்கா சபிதா வீட்டில் எதையும் சும்மா சொல்ல மாட்டாள். எல்லாவற்றையும் வில்லுப்பாட்டாகப் பாடிவிடுவாள். வில்லுக்குப் பதில் முறம். குடத்துக்குப் பதில் அரிசிப்பானை. அடுக்களையில் பூனை புகுந்தால்கூட அது கதைதான்.

“ஆனைபோல நடந்து வந்ததம்மா அந்தப் பூனை,” என்று அக்கா பாடுவாள்.

“ஆமா, பூனை,” என்பாள் ஆதிரா.

“சாளை மீனைக் கண்டு சாமியாடுது பூனை.”

“ஆமா, பூனை.”

சில நாள் அக்காவுக்கு அடுத்த வரி வராது. “அந்தப் பூனை… அந்தப் பூனை…” என்று அங்கேயே நிற்பாள். அப்போது ஆமா போடக் கூடாது. போட்டால் பாட்டு அங்கேயே படுத்துவிடும். ஒரு கேள்வி போட வேண்டும். அடுத்த வரியை அந்தக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுக்க வேண்டும்.

“சட்டியத் தட்டி விட்டுதா அக்கா?”

அவ்வளவுதான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு பத்து வரி ஓடுவாள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரரின் உண்மையான வேலை இதுதான். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. புலவர்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள்.

இப்போது அக்கா குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் போன் செய்வாள். சாப்பிட்டியா என்று கேட்பாள், ஆதிரா ஆமா என்பாள். படிச்சியா என்று கேட்பாள், அதற்கும் ஆமா. அதற்குள் யாராவது அக்காவைக் கூப்பிட்டுவிடுவார்கள். அக்கா போனதிலிருந்து முறம் அரிசி புடைக்க மட்டும் பயன்பட்டது. அந்தச் சத்தம் கேட்டால் ஆதிரா வெளியே போய்விடுவாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அவளுக்கு முக்கியமாக இருந்தது. வில்லுப்பாட்டு மூன்று மணிக்கு. அப்போது குவைத்தில் பன்னிரண்டரை. அக்காவுக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அம்மா ஓமனா முன்வரிசையில் உட்கார்ந்து வீடியோ காலில் காட்டுவதாக ஏற்பாடு.

“எனக்க எளையவளுக்க ஆமாவைக் கேட்டுட்டுத்தான் மூத்தவ சோறு தின்பாளாம்,” என்று அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சிங்காரி மேளம் தன் ஐந்து நிமிடத்தில் பள்ளிக்கூட ஓடுகளை அசைத்துவிட்டுப் போனது. கொட்டும்போது பையன்கள் குதித்த குதியில் சிறப்பு விருந்தினரின் தண்ணீர் பாட்டில் மேசையிலிருந்து உருண்டது. பேண்டு வாத்தியக் குழுவில் குழல் ஊதிய பையன் ஊதி ஊதி மிளகாய்ப்பழம் ஆனான். கூட்டம் கை தட்டியது. இரண்டே முக்காலுக்குச் சிறப்பு விருந்தினர் எழுந்தார்.

வில்லுப்பாட்டுக் குழு அவருக்குப் பின்னால் மேடையில் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தது. வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டது. இனி நகர்த்த முடியாது. அவர்கள் முன்னால் குட்டையாக ஒரு மைக் இருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சிறப்பு விருந்தினரின் கையில் கட்டுக் காகிதம் இருந்தது. கல்லும் மண்ணும் தோன்றிய காலத்தில் தொடங்கினார். மூன்று மணி ஆனபோது யாழ் வந்திருந்தது. முன்வரிசையில் அம்மாவின் கையில் போன் ஒளிர்ந்தது. அதற்குள் வெள்ளைக் கோட்டும் சோற்று டப்பாவுமாக அக்கா சிறிதாகத் தெரிந்தாள். ஆதிராவைப் பார்த்துக் கரண்டியை ஆட்டினாள்.

மூன்றே கால் மணிக்கு அரசர்கள் வந்தார்கள். ஒவ்வோர் அரசரும் இசையைப் பேணி வளர்த்தார். கணபதியப்பன் சார் ஒவ்வோர் அரசருக்கும் தலையாட்டினார்.

“இவரு முடிக்க மாட்டாரா?” என்று ஆதிரா மெல்லக் கேட்டாள்.

“பேசட்டும் ஏட்டி. எனக்கு மூணாவது பாட்டு மறந்து போச்சு,” என்றான் விபின். அவனுடைய தலைப்பாகை வியர்வையில் நனைந்திருந்தது.

அப்போதுதான், பக்கத்தில் நின்ற மின்விசிறி முகத்தைத் திருப்பி, சிறப்பு விருந்தினரின் காகிதங்களை மேடை முழுக்கப் பறக்கவிட்டது. மூன்று ஆசிரியர்கள் பாய்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கிய வரிசையில் அடுக்கி, பணிவோடு நீட்டினார்கள்.

சிறப்பு விருந்தினர் தொடர்ந்தார். யாழ் மறுபடியும் வந்தது. அரசர் ஒருவர் இரண்டாம் முறை முடிசூடினார். கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் சிறப்பு விருந்தினர் கவனித்துவிட்டார். ஒரு காகிதத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். நிமிர்ந்தார்.

“ஆகவே,” என்றார்.

கணபதியப்பன் சார் தலையாட்டினார்.

“ஆகவே…” என்றார் மறுபடியும்.

கணபதியப்பன் சார் இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

“ஆகவே…”

“ஆமா,” என்றாள் ஆதிரா.

அவள் சொல்ல நினைக்கவில்லை. பழகிய வாய், தானே சொல்லிவிட்டது. குட்டை மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டு போனது. கூட்டம் சிரித்தது. கணபதியப்பன் சார் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அவளை முறைத்தார். சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்தார்.

அந்த முகத்தில் கோபம் இல்லை. குளத்தில் படி வழுக்கியவர் எதையாவது பிடிக்கத் தேடும் முகம் அது. ஆதிரா அதை முன்பே பார்த்திருக்கிறாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போவதற்கு முன், அக்கா இப்படித்தான் நின்றாள். “அப்ப சரி… அப்ப சரி…” என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. ஆதிரா ஒரு கேள்வி போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவளுக்குக் கேள்வி ஒன்றும் தோன்றவில்லை. அக்கா அப்படியே போய்விட்டாள்.

ஆதிரா குட்டை மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தாள்.

“அந்த மேளமெல்லாம் பெறகு உங்க ஊருக்கும் வந்துதா சார்?”

முத்துநாயகம் எழப் போனார். சிறப்பு விருந்தினர் காகிதக் கட்டைப் பார்த்தார், ஆதிராவைப் பார்த்தார்.

“வந்தது,” என்றார். அது இதுவரை பேசிய குரல் இல்லை. “எங்க ஊருக்கும் வந்தது.”

“ஆமா, வந்தது.”

“எங்க ஊரு கடியப்பட்டணத்துல கோவில் திருநாளு. எங்க மாமா கூட்டிட்டுப் போனாரு. பேண்டு செட்டு போகுது. நான் அது பின்னால போறேன்.”

“ஆமா, பின்னால.”

“மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தப் பெரிய டிரம் இருக்கே… அந்தப் பெரிய டிரம்…”

இந்த இடத்தில் அவருக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது போல. நின்றுவிட்டார்.

“அத நீங்க அடிச்சுப் பாத்தியளா சார்?”

“அடிச்சேன் மக்களே,” என்றார் அவர் ஆதிராவைப் பார்த்து. “ஒரே ஒரு அடி. அதுக்காக அவங்க போற ஊர் வரைக்கும் போயிட்டேன். ராத்திரி அந்த டிரம்முல சாஞ்சு தூங்கிட்டேன். காலையில தேடி வந்து எங்க அம்மை அடிச்ச அடி, அதுவும் தாளம் தப்பாமத்தான் விழுந்தது.”

கூட்டம் சிரித்து உருண்டது. பின்வரிசைப் பிள்ளைகள் ஆதிராவோடு சேர்ந்து ஆமா போடத் தொடங்கினார்கள். பேண்டு வாத்தியப் பையன் தன் குழலை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறந்து கேட்டான். கணபதியப்பன் சார், தலையாட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல், பாதி ஆட்டினார்.

சிறப்பு விருந்தினர் இன்னும் கொஞ்சம் சொன்னார். எந்த அரசரும் வரவில்லை. நெல் அறுத்த வயலில் பந்தல் போட்டு விடிய விடிய வில்லுப்பாட்டில் கதை பாடியது வந்தது. அம்மாவின் போனில் அக்கா சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆதிரா அதைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சுவரின் கடிகாரத்தையும் பார்த்தாள். அரை மணி நேரம் முடியப் போகிறது.

“அந்த வில்லுப்பாட்டு இப்பம் எங்க சார் இருக்கு?” என்று கேட்டாள்.

“எனக்குப் பின்னாலதான் இருக்கு,” என்றார் அவர். “நான் உட்கார்ந்தா பாடும்.”

உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் ஒரு சிறப்புரைக்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

விபின் கோலை ஓங்கினான். வில்லின் மணிகள் குலுங்கின. ஆதிரா முன்வரிசையைப் பார்த்தாள்.

அம்மா போனைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதைப் பைக்குள் வைத்தாள். ஆதிராவைப் பார்த்து, கையை விரித்தாள்.

விபின் முதல் வரியைப் பாடிவிட்டுக் காத்திருந்தான். ஆமா வரவில்லை. அவன் திரும்பினான். தலைப்பாகைக்குக் கீழே இரண்டு கண்கள் பயந்துபோய்த் தெரிந்தன. இவனையும் விட்டுவிட்டால் இவன் எங்கே போவான்?

“ஆமா,” என்றாள் ஆதிரா.

மூன்றாவது பாட்டில் விபின் நின்றபோது ஒரு கேள்வி போட்டாள். நான்காவதில் இரண்டு. கணபதியப்பன் சார் எழுதிய அந்தப் பாட்டுகளில் ஆண்டுகள் நிறைய இருந்தன, ஆள் ஒருவரும் இல்லை. ஆண்டைக் கேள்விக்குள் ஒளித்து வைப்பது லேசான வேலை அல்ல. எப்படியோ கரை சேர்ந்தார்கள். நன்றியுரையில், எதிர்பாராத இடையூறுகளையும் பொருட்படுத்தாமல் பாடிய மாணவன் விபினுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. விபின் அதை மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து ஆதிராவின் மடியில் போட்டான்.

“நீயே வச்சுக்க. எனக்கு அரிக்குது.”

சாயங்காலம் டியூட்டி முடிந்து அக்கா கூப்பிட்டாள். ஆதிரா போனை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பாட்டு கேட்க முடியாமல் போய்விட்டதே என்று அக்கா சொல்வாள் என நினைத்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள்.

“வில்லுப்பாட்டு கேக்கல ஏட்டி,” என்றாள் அக்கா. “விபின் கோல எடுத்ததும் வார்டுல விளிச்சுட்டாங்க. ஆனா அந்த சாருக்க டிரம் கதை முழுக்கக் கேட்டேன். நீ ஒரு ஆமா எடம் மாறிப் போடல கேட்டியா. எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல.”

“பட்டினியா கெடந்தியா?”

“பெறகு ஒரு குப்பூஸ் ரொட்டி தந்தாங்க.” போனில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. டப்பாவாக இருக்க வேண்டும். அக்கா பாடினாள். “வட்ட நிலாபோல வந்ததம்மா அந்தக் குப்பூஸ்.”

“ஆமா, குப்பூஸ்,” என்றாள் ஆதிரா.

“கடிச்ச பல்லு ரெண்டை வாங்கிக்கிட்டுது குப்பூஸ்.”

“ஆமா, குப்பூஸ்.”

அம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். குப்பூஸ் பல கண்டங்களைத் தாண்டியது, ஓர் அரசனோடு சண்டை போட்டது, கடைசியில் தோற்று அக்காவின் வயிற்றுக்குள் போனது. ஆதிராவுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. விட்டுப்போன எல்லாம் திரும்பி வந்துவிட்டது போலிருந்தது.

அக்காவுக்கு லீவு அடுத்த வருஷம்தான்.