குடங்கள் திரும்பின

எங்கள் ராஜபாளையம் மில் தெருவில் குடத்துக்கு இருந்த மரியாதை மனிதருக்குக் கிடையாது. தெருக்குழாயில் விடிந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், தண்ணீர் வரும் நேரத்துக்குத் திரும்பி வரலாம். அடுத்தவர் குடத்தை யாராவது நகர்த்தினால் போச்சு, ஊரே கூடிவிடும்.

எண்பத்தெட்டாம் வருடம் குழாய்க்கு எதிரே புதுக் கழிப்பறை கட்டினார்கள். ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. குட வரிசை அதன் வாசல்வரை நீண்டது. தண்ணீருக்காக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் கண்ணும் அந்தக் கதவைத்தானே பார்க்கும்!

பத்து வயது சண்முகத்தாய்க்கு ஒரே கவலை. அவள் அம்மா ரத்தினத்துக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. அம்மாவோ இன்னும் ஓடையைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குத்தான் போனாள். நேற்று ஓடையில் வழுக்கி விழப் பார்த்தாள்.

"எதுத்தாப்புல இருக்குல்ல, அங்க போம்மா."

"போடி. அம்புட்டுப் பேரு முன்னாடியா? எனக்கு வெக்கமா இருக்கு."

மறுநாள் காலை குழாயடியில் குடங்கள் மட்டும் இருந்தன. சண்முகத்தாய் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி, மில் சுவரின் மூலையைத் தாண்டி நிழலில் வரிசையாக வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் கழிப்பறை தெரியாது.

முதலில் வந்தவள் பரிபூரணம் அத்தை. வாய்க்குப் பேர்போனவள்.

"ஏட்டி, யாரைக் கேட்டு எங் குடத்தைத் தொட்ட?"

"வரிசை மாறல அத்தை. நீங்கதான் மூணாவது, எண்ணிப் பாருங்க."

அத்தை எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

"அப்பொறம் எதுக்கு இங்க இழுத்து வச்ச?"

"நாம அங்க உக்காந்தா அம்மா கூச்சப்படுதா. நேத்து ஓடையில விழப் பாத்தா அத்தை." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை, வந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் நெழல்ல உக்காருங்க. எவளாச்சும் அங்கிட்டு எட்டிப் பாத்தா அவ குடம் ஓடையில கெடக்கும்."

சண்முகத்தாய் ஓடிப்போய்ச் சொல்ல, அம்மா வாளியோடு கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"கதவுத் தாப்பா நல்லா விழுதா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா விழுது மதினி. சன்னல்ல காத்துகூட வருது."

"அப்ப எங் குடத்தைச் செத்த நேரம் பாத்துக்கோட்டி" என்று சொல்லி அத்தை வாளியைத் தூக்கினாள்.

அவள் உள்ளே போன நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. சண்முகத்தாய் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"அத்தை, தண்ணி வந்துருச்சு. உங்க மொறை வரப்போகுது."

"நீயே பிடிச்சு வையி. என்னைய இப்பக் கூப்பிடாத" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.