பூட்டுப் போட்ட தொட்டி

கோவில்பட்டி தாலுகாவிலேயே கொசு நுழைய முடியாத தண்ணீர்த் தொட்டி சாமித்துரையின் தொட்டிதான். மூடிக்குப் பூட்டே போட்டிருக்கிறாரே!

வாரம் ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் கரிசல் ஊரில் அது புதிதல்ல. தூங்கும்போதும் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கும்.

அன்று மலேரியா ஒழிப்புத் தொண்டுக்காகக் கல்லூரி மாணவி சுகுணா வந்தாள். கையில் மீன் வாளி.

“அண்ணாச்சி, தொட்டியைத் திறங்க. இந்த மீனை விட்டா கொசுப்புழுவைத் தின்னுரும்.”

சாமித்துரை வாளியை ஒருமுறை சுற்றி வந்தார். “மீனு தண்ணி குடிக்குமா?”

“அது... கொஞ்சம்...”

“பாத்தியளா! இன்னைக்கு மீன விடுவிய. நாளைக்கு மீனப் பாக்கணும்னு கொடத்தோட வருவிய. மீனுக்குத் தண்ணி காட்டவா காலேஜுல படிக்கிய? போங்கம்மா!”

அவருடைய தம்பி மகள் யோகலட்சுமி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் தம்பி செல்வகணேஷ் இரண்டு போர்வைக்குள் நடுங்கினான். மலேரியா. மாத்திரையில் காய்ச்சல் இறங்கும். தொட்டியில் கொசு இருந்தால் மறுபடி வருமே? மீனோ சுகுணாவோடு மாலை பஸ்ஸில் போய்விடும்.

சண்டை போட்டால் பெரியப்பா இரண்டாவது பூட்டும் போடுவார். அவள் கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

“பெரியப்பா, தம்பி மொகத்தத் தொடைக்கத் தண்ணி.”

அவர் மூடியைத் திறந்து டம்ளரை முக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டினார். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் டம்ளரை வெயிலில் பிடித்தாள்.

“இது என்ன பெரியப்பா, மேல மிதக்குது?”

“தூசி.”

டம்ளரை விரலால் சுண்டினாள். தூசி நெளிந்து ஓடியது.

சாமித்துரை பூட்டை இழுத்துப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார். “எல்லாம் இருக்கு. ஏட்டி, எவன் உள்ள விட்டான்?”

“குழாய் நுழையுற ஓட்டை இருக்குல்லா? கொசுவுக்குச் சாவி எதுக்கு?”

அவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “வெளிய சொல்லாத,” என்றார்.

“நான் எதுக்குச் சொல்லுதேன்? தம்பிக்குத் திரும்ப நடுங்கக் கூடாது, அம்புட்டுதான்.”

பூட்டு திறந்தது. பஸ் நிறுத்தத்துக்கு ஓடி சுகுணாவைக் கூட்டி வந்தாள் யோகலட்சுமி. மீன்கள் இறங்கின. அவை இறங்கியதும் சாமித்துரை தண்ணீர் மட்டத்தில் கரியால் ஒரு கோடு இழுத்தார். மீன் குடித்தால் தெரிந்துவிடுமே!

விடியுமுன் எழுந்து பார்த்தார். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை.

மழைக்காலத்துக்குள் செல்வகணேஷ் பம்பரம் விட ஆரம்பித்துவிட்டான். தொட்டியில் குஞ்சுகள் பெருகியிருந்தன. ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், அடுத்த தெருச் சங்கரம்மாள் வீட்டு வாசலில் பெரியப்பா நிற்பதைப் பார்த்தாள் யோகலட்சுமி. கையில் செம்பு, செம்புக்குள் மீன்.

“தொட்டியத் திறங்க மதினி.”

சங்கரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “மீனு தண்ணி குடிக்குமா?”

சாமித்துரை மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து நீட்டினார்.