எஞ்சின்காரன்

"கடைக்குள்ள நிண்டு தலையை உதறாதேங்கோ! பெட்டியெல்லாம் நனையுது..."

சொல்லிவிட்டு நிரோஜினி நிமிர்ந்தாள். கார்த்திகை மழையில் தொப்பலாக நனைந்து நின்றவன் குச்சவெளி ரஜீவன். மூன்று வருடம்... பாழாய்ப்போன அந்தக் கண்கள் மட்டும் மாறவேயில்லை!

அன்றும் மழைக்குத்தான் ஒதுங்கினான். திருகோணமலைத் துறைமுக வீதியில் அவள் அப்பா இரத்தினசிங்கத்தின் கடை அது. வள்ளத்து எஞ்சின் சாமான் விற்கும் கடை.

"நானும் எஞ்சின் கம்பனியிலதான் வேலை" என்றான்.

"எத்தினை குதிரைவலு எஞ்சின்?"

"விமான எஞ்சின். லண்டனில இருந்து லீவில வந்தனான்."

"அப்ப எங்கட வள்ளத்தையும் பறக்க விடுவீங்களோ?"

சிரித்தான். மழை விடும்வரை கதைத்தான்.

"பெரிய விமானத்துக்கு எஞ்சின் செய்யிற கம்பனியளை விரல் விட்டு எண்ணலாம். ஆனா சனம் விமானத்தின்ர பேரைத்தான் சொல்லும். எஞ்சினை ஆர் கேக்கினம்? அதை விக்கிறதில பெரிசா லாபமுமில்லை. வித்த பிறகு இருவது வருஷம் அதோட கூட நிண்டு திருத்திப் பாக்கிறதுதான் எங்கட பிழைப்பு."

இருபது வருடம் கூட நிற்பது... அதில்தான் அவள் விழுந்தாள்.

லீவு முடியுமுன் பெண் கேட்டு வந்தான். "என்ன வேலை?" என்றார் அப்பா. "எஞ்சின் வேலை, ஐயா." அந்த வீதியில் எஞ்சின் என்றால் வள்ளத்து எஞ்சின்தான்.

"எண்ணெய்க் கையனுக்குப் பிள்ளை குடுக்க ஏலாது, தம்பி."

விமானம் என்று ஒரு சொல்... அவன் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அவளும் சொல்லவில்லை. அவனே சொல்லட்டும் என்ற வீம்பு. மறுநாள் போனவன்தான், ஒரு போன்கூட இல்லை.

"விமானம் எண்டால் உங்கட அப்பா உடன ஓமெண்டிருப்பார்" என்றான் இப்போது. "வேலைக்கில்லை, எனக்கு ஓம் சொல்லவேணுமெண்டு நினைச்சன். பிழை என்னிலதான்... எனக்கு இண்டைக்கும் உங்களைத்தான் விருப்பம், நிரோ."

அவள் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கொடி. பார்க்கட்டும் என்றுதான் வந்தாள்.

கொடியைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "அவருக்கு... என்ன வேலை?"

"வள்ளத்து எஞ்சின் திருத்திறவர்."

"எண்ணெய்க் கையனுக்கோ? அப்பா ஓமெண்டவரோ?"

"ஏலாது எண்டுதான் சொன்னவர். இவர் நாலு தரம் திரும்பி வந்து கேட்டவர்."

ரஜீவன் தலை குனிந்தான். மழையிலேயே படியிறங்கினான். இறங்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்கு என்னில விருப்பம் இருந்ததோ?"

"ஓம்... இருந்தது."

மூன்று வருடமாய்த் தொண்டைக்குள் கிடந்த சொல். சொல்லியும் ஆறவில்லை.