கல்லறைப் பட்டியலின் முதற்பெயர்

2013 நவம்பர் 6, புதன். காலை 11.10.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மாலை கட்டி விற்கும் கோசலையின் கடைக்கு மேல்மாடியில், எழுபத்துநாலு வயதுப் பொன்னம்பலம் சாய்மனைக் கதிரையில் செத்துக் கிடந்தார். மடியில் தலையணை. வாய் திறந்திருந்தது. உயிரோடிருந்தபோதும் அது மூடியதாகச் சரித்திரம் இல்லை.

புறநகர் இடுகாடு ஒன்றில் புதைக்கப்பட்ட பிரபலத் தமிழர் பதினேழு பேரைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் வைத்த இறால் குழம்பைத் தின்ற பிரெஞ்சு மந்திரி மூன்று நாள் அழுதாராம். இன்னொருவர் மீன் லொறியின் ஐஸுக்குள் ஏழு எல்லை கடந்து, இறங்கியதும் ஐஸ்கிரீம் கேட்டாராம். யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவர்கள் எல்லாரும் மண்ணுக்குள்.

11.35. வைத்தியர் செத்தவரின் கண்ணில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். தலையணையால் அமுக்கியிருக்கிறார்கள். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

11.50. பொலிஸ் அதிகாரி பியட்றிஸ், புதுச்சேரிக் குடும்பத்துப் பெண், விசாரணையைத் தொடங்கினார். மாடிப்படி கோசலையின் கடைக்குள்தான் இறங்குகிறது. எட்டு மணியிலிருந்து அவள் அந்தப் படியடியில் இருந்து மாலை கட்டினாள். மேலே போய்வந்தவர் ஒருவர். மேலேயே இருந்தவள் ஒருத்தி.

இருந்தவள் தயானி, வன்னியிலிருந்து வந்து பொன்னம்பலத்துக்குச் சமைப்பவள். அடுத்த செவ்வாய் அவளுடைய அகதி விசாரணை. அவளுடைய தற்காலிக வதிவிடப் பத்திரத்தைச் சந்தேகத்தின்பேரில் ஏற்கெனவே பியட்றிஸ் வாங்கி வைத்துவிட்டார்.

"கடைசியா எப்ப உயிரோட பார்த்தீங்க?"

"ஒன்பதரைக்குத் தேத்தண்ணி குடுத்தனான், மடம். பிறகு குசினிக் கதவைச் சாத்திப்போட்டு மரக்கறி வெட்டினனான். பத்தேமுக்காலுக்கு உலை வைச்சனான். பேந்து, என்ன கறி எண்டு கேக்கப் போனன்..."

அடுப்பில் சோறு அரைவேக்காட்டில் நின்றது.

போய்வந்தவர் பக்கத்துக் கடைக்கார வாமதேவன். கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த குணரத்தினத்தின் மகன். பட்டியலில் முதற்பெயர் அந்த அண்ணாவியாருடையது. தகப்பனின் எலும்பை இடுகாட்டிலிருந்து எடுத்து, போன வருசம் ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்துவந்த கதையை வாமதேவன் சொல்லிக் கேளாதவர் அந்தத் தெருவில் இல்லை.

"பத்துக்கு ஏறினன், பத்து இருபதுக்கு இறங்கினன். மனுசன் நல்லாத்தான் கதைச்சது. கோசலையக்கா கூப்பிடேக்கைதான் செத்தது தெரியும்."

காலையில் பளிச்சென்று திருநீற்றோடு படியேறியவர், 11.15க்கு அவள் கூப்பிட்டபோது வெறும் நெற்றியும் ஈரத் தலையுமாக ஓடிவந்து மாலைப் பெட்டியில் சொட்ட விட்டதை நினைத்து கோசலை இன்னும் எரிச்சலில் இருந்தாள். எரிச்சல் மெல்ல வேறொன்றாக மாறியது. பொன்னம்பலத்தின் கொப்பியைப் புரட்டினாள். முதல் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

"மடம், இடுகாட்டுக்கு ஒரு போன் எடுங்கோ. குணரத்தினம் எங்கை எண்டு கேளுங்கோ."

12.40. பதில் வந்தது. பியட்றிஸ் அதைக் கோசலையின் காதில் சொன்னார்.

"வாமதேவன், எத்தினை மணிக்குக் குளிச்சனீ?" என்று கேட்டாள் கோசலை.

"காலமை."

"குளிச்சுத் திருநீறு பூசித்தானே ஏறினனீ? பேந்தேன் தலை நனைஞ்சது?"

வாமதேவன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"சாவைத் தொட்டவன் முழுகாமல் கடைப் பிள்ளையாருக்கு முன்னாலை போகமாட்டான். சரி. ஆனா நீ முழுகேக்கை, மேலை சாவெண்டு எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இவள் தயானி அடுப்பு மூட்டியிருப்பாளோ? பிணத்தை வைச்சுக்கொண்டு உலை வைக்கிற ஒருத்தியை எனக்குக் காட்டு பாப்பம்."

"எங்க வீட்லயும் மூட்ட மாட்டாங்க," என்றார் பியட்றிஸ் மெதுவாக. பிறகு வாமதேவனிடம் திரும்பினார். "உங்க அப்பா குழிக்குக் குத்தகைத் தவணை முடிஞ்சு, இடுகாட்டுல இருந்து உங்களுக்கு ரெண்டு கடிதம் போட்டிருக்காங்க. யாரும் வரல. 2011லயே எலும்பெல்லாம் பொதுக்குழிக்குப் போயிடுச்சு."

"அதைத்தான் பொன்னம்பலத்தார் அச்சிலை போடப் போனவர்," என்றாள் கோசலை. "நீ போன வருசம் என்னத்தையடா கரைச்சனீ?"

வாமதேவன் படியில் குந்தினார்.

"எரிக்கவேண்டாம், எலும்பாவது ஊருக்குப் போகட்டும் எண்டவர் அப்பா. கடிதத்தை நான்தான் கவனியாமல் விட்டிட்டன். பேந்து போய்க் கெஞ்சினனான், அக்கா. எது அவரின்ரை எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்." மூச்சு வாங்கினார். "ஆட்டெலும்பு. ஐயர் அரை மணித்தியாலம் மந்திரம் சொன்னவர். அம்மா விழுந்து கும்பிட்டவ. அம்மாவுக்குத் தெரியக்கூடாது எண்டு பொன்னம்பலத்தாரின்ரை காலைப் பிடிச்சனான். அந்தாள் சிரிச்சது. பக்கத்திலை தலையணை கிடந்தது."

பியட்றிஸ் பத்திரத்தைத் தயானியிடம் நீட்டினார். அவள் கையைத் துடைக்கத் துணி தேடினாள். கோசலை வாங்கி நாலாய் மடித்து, அவளுடைய சட்டைக்குள் செருகிவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை நேரத்துக்குப் போ," என்றாள்.