சூட்டுக் கை

நொதிவாளிகள் இரண்டையும் எங்கே வைப்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. அறை பத்தடிக்கு எட்டடி. அதற்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, துணி காயும் கயிறு, நம்பிராஜன், அவன் மனைவி தமயந்தி. வாளியில் வெயில் படக்கூடாது, ஆடக்கூடாது, சும்மா சும்மா மூடியைத் திறக்கவும் கூடாது. குளியலறையில் வைத்தால் குளிக்க இடமில்லை. அடுப்போரம் வைத்தால் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் பலகை போட்டு ஏற்றினான் நம்பிராஜன். அன்றிலிருந்து தமயந்தி காலை மடக்கித்தான் படுத்தாள்.

“மாமியார் இல்லாத குறை தீர்ந்துச்சு. அவங்க இருந்தப்பவும் இப்படித்தான் காலை நீட்ட முடியலை,” என்றாள்.

அடுக்ககம் முழுக்க இதே கதைதான். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமயந்திக்குப் பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிட்டது. ஊசி மருந்து செய்த ஆலைகளை எப்போதோ மூடியாயிற்று. இனிமுறி என்ற மருந்தைச் சுரக்கும்படி ஈஸ்ட்டின் மரபணுவைத் திருத்தி, வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, மூடியை இறுக்கினால் மேலே இருக்கும் குமிழ்க்குழாய் குபுக் குபுக்கென்று பேச ஆரம்பிக்கும். ஒரு வாரம் போனால் வடித்து வேளைக்கு ஒரு டம்ளர் குடிக்கலாம். கடைகளில் சர்க்கரை விற்கத் தடை. விநியோக மையத்தில் மட்டும் கிடைக்கும், அதுவும் வாளிக்கு. நாக்கைக் கட்டிக்கொண்ட ஊரில் வாளிகள் மட்டும் வக்கணையாகச் சாப்பிட்டன.

அந்த மழைக்காலத்தில் இரண்டு வாளியும் எழும்பவில்லை. குமிழ்க்குழாய் வாயைத் திறக்கவே இல்லை. போன தடவை வடித்ததில் பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். புது ஈஸ்ட் அடுத்த மாதம்தான் வரும் என்று மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். அடுத்த மாதம்வரை தமயந்தி தாங்கமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

“கையை விட்டுக் கலக்குங்களேன்,” என்றாள் தமயந்தி.

“கை படக்கூடாதுன்னு மூடியிலயே போட்டிருக்கு, தமா.”

“இட்லி மாவைக் கரண்டியிலயா கலக்குறோம்? என் கை ஐஸ். நான் கரைச்சா மாவு ரெண்டு நாளைக்கு அப்படியே கிடக்கும். உங்களோடது சூட்டுக் கை.”

அது உண்மைதான். அடுத்த வீட்டு மும்தாஜ் அக்கா கூட மழைக்காலத்தில் மாவு கரைக்க அவனைத்தான் கூப்பிடுவார். மரபணுவைத் திருத்தத் தெரிந்த மேதைகளுக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்திருந்தால் மூடியில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்பிராஜன் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முழங்கைவரை வாளிக்குள் விட்டுக் கலக்கினான்.

சாயங்காலமே வாளி பொங்கியது. மூடி தூக்கிக்கொண்டது. ஒரு வாரம் காத்திராமல் அப்போதே வடித்ததைக் குடித்ததும் தமயந்தியின் மணிக்கட்டில் இருந்த குருதிக்காட்டி பச்சைக்கு வந்தது. நம்பிராஜன் கட்டிலில் உட்கார்ந்து அழுதான்.

வாளி பொங்கிய சத்தம் கேட்டு மும்தாஜ் அக்கா டம்ளரோடு வந்தார். அவருக்கும் சர்க்கரை, அவர் வாளியும் மழையில் படுத்திருந்தது.

“ஒரு கரண்டி உறை குடு தம்பி.”

உறை என்று கேட்டு வந்தவரை வெறும் டம்ளரோடு திருப்பி அனுப்ப அந்த அடுக்ககத்தில் யாருக்கும் தெரியாது. மும்தாஜ் அக்கா வீட்டிலிருந்து மேல் தளத்துக்குப் போயிற்று, அங்கிருந்து பக்கத்து அடுக்ககம், பிறகு தூக்குவாளியில் பேருந்தேறி ஊரெல்லாம். நம்பிராஜனை வழியில் நிறுத்திக் கையைத் தொட்டுக் கும்பிட்டவர்களும் உண்டு.

மழை விட்ட பிறகு ஒருநாள் மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த தமயந்தி அப்படியே சரிந்தாள். குருதிக்காட்டி அலறியது. இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஆனால் அன்று அவள் இனிமுறியைத் தொடவே இல்லை. முந்தின நாளே இரண்டு வாளியும் ஊமையாகிவிட்டிருந்தன.

மருத்துவமனையில் டாக்டர் நிலவழகி நேராகவே சொன்னார்.

“உங்க கையில இருந்த கிருமியோட சேர்ந்து இந்த ஈஸ்ட் மாறிடுச்சு. இதுக்கு இப்ப உடம்புச் சூடுதான் வேணும். அதனால வாளியில தங்காது. இவங்க குடல்ல குடியேறிடுச்சு. ராத்திரி பகல்னு பார்க்காம உள்ளேயே மருந்து சுரக்குது.”

“கொன்னுடலாமா டாக்டர்?”

“கொல்லலாம். அப்புறம் மருந்துக்கு எங்க போவீங்க? பழைய ஈஸ்ட் எந்த வாளியிலயும் மிச்சமில்லை, மையத்துல வளர்த்ததுலகூட இல்லை, உங்க உறை எல்லாத்தையும் தின்னுடுச்சு.”

“அப்படியே விட்டா?”

“மணிக்கொரு தடவை இனிப்புக் குடுக்கணும். தூங்கினா எழுப்பிக் குடுங்க.”

எல்லார் குடலிலும் அது தங்கவில்லை. குடித்தவர்களில் பத்துக்கு ஒருவர் வயிறுதான் அதற்குப் பிடித்திருந்தது. மும்தாஜ் அக்காவின் வயிறு பிடிக்கவில்லை. அவருக்கு வாளியும் இல்லை, வயிறும் இல்லை. மருந்தில்லாமல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போன நம்பிராஜன் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே நின்றுவிட்டுத் திரும்பினான்.

வாளிக்கென்று வாங்கி வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துக் கரைத்துத் தமயந்திக்குக் கொடுத்தான். பிறந்தநாளுக்குக்கூட இனிப்புத் தொடாதவள், டம்ளரைக் கண்டாலே குமட்டினாள். “ஒரே ஒரு தடவை முழுசாத் தூங்கவிடுங்க,” என்று கெஞ்சினாள். அவன் விடவில்லை. கன்னத்தில் தட்டி எழுப்பினான். அவள் தன்னையே வெறுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது, அதைவிடப் பெரிய பயம் சர்க்கரை டப்பாவில் இருந்தது. ஊமை வாளிக்கு ஒதுக்கீடு கிடையாது என்று செய்தி வந்திருந்தது.

டப்பா காலியான அன்று அவளையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு விநியோக மையத்துக்குப் போனான். அங்கிருந்த அலுவலர் அருள்தாஸ் அவர்களுக்குப் பழக்கமானவர்.

“வாளிக்குத்தான் சார் சர்க்கரை. ஆளுக்குக் குடுக்க விதி இல்லை.”

“அப்ப இவளையும் வாளின்னு எழுதிக்குங்க,” என்றான் நம்பிராஜன் ஆத்திரத்தில்.

அருள்தாஸ் சிரிக்கவில்லை.

“அப்படி எழுதிக்கச் சொல்லி நேத்தே உத்தரவு வந்துடுச்சு சார். பதிஞ்சுக்கிட்டா வாரா வாரம் சர்க்கரை வீட்டுக்கே வரும். ஆனா,” என்று குரலைத் தாழ்த்தினார், “வாளின்னு பதிஞ்சா வடிக்கணும். மருந்தில்லாம எவ்வளவு பேர் கிடக்குறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

“எங்கேர்ந்து வடிப்பாங்க?” என்று கேட்டாள் தமயந்தி.

அருள்தாஸ் தன் முழங்கையின் உள்மடிப்பில் இரத்தம் எடுக்கும் நரம்பைத் தொட்டுக் காட்டினார்.

“வேண்டாம் தமா, வா போகலாம்,” என்றான் நம்பிராஜன். எங்கே போவது என்று அவனுக்கே தெரியவில்லை.

குருதிக்காட்டி கத்த ஆரம்பித்தது. மேசைமேல் பிரித்த சர்க்கரைப் பை ஒன்று இருந்தது. தமயந்தி யாரையும் கேட்காமல் அதில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

“பதிஞ்சுக்குங்க,” என்றாள், வாய் நிறையச் சர்க்கரையோடு.

அருள்தாஸ் அவளை எடை மேடையில் ஏறி நிற்கச் சொன்னார். கொள்ளளவு தெரிய வேண்டுமாம்.